அவையோர் தீர்ப்பும் நீதிபதி தீர்ப்பும்: குற்ற வழக்குகளில் ஜூரி முறை பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கும் ஒருவன் குற்றவாளியா அல்லனா என்று துணியும் பொறுப்பு யாருக்கு உரியது? சட்டத்தைத் துறைபோகக் கற்ற நீதிபதிக்கா, ஊரின்கண் வாழும் பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பெற்ற சிலருக்கா? இவ்வினாவிற்கு நாடுதோறும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டுள்ளன. ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ்த் தமிழகம் இரு முறைகளையும் கண்டது. ஜூரர்கள் அமர்ந்து தீர்ப்புரைத்த வழக்குகளும், நீதிபதிகள் மட்டுமே அமர்ந்து தீர்ப்புரைத்த வழக்குகளும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிகழ்ந்தன. அவற்றுட் சில தமிழ் மக்களின் அரசியல் வரலாற்றோடும் கலை வரலாற்றோடும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தவை.

ஜூரி முறையைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. அது மேனாட்டார் நம்மீது சுமத்திய அயல்முறை என்றும், அதனால்தான் இங்கு வேரூன்றவில்லை என்றும் ஒரு சாரார் கூறுவர். பழந்தமிழர் அவைகளில் இருந்ததே அம்முறை என்றும், ஆங்கிலேயர் அதனைத் திருப்பித் தந்தனர் என்றும் மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு கருத்துக்களும் பொருந்தா என்பதைக் காட்டி, இருமுறைகளின் நன்மை தீமைகளை நிகழ்ந்த வழக்குகள் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பழந்தமிழ் அவைகள் ஜூரியா?

சங்க நூல்கள் அறங்கூறும் அவையங்களைப் போற்றுகின்றன. மதுரைக்காஞ்சி மதுரை மாநகரின் அறங்கூறவையத்தைச் சிறப்பிக்கின்றது. உறையூரவையின் நடுவுநிலைமையும் புலவர்களாற் புகழப்பெற்றது. இடைக்காலத்திற்கு வந்தால், திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரரை அடிமையெனக் கொண்டுவந்து நிறுத்திய முதியவரின் வழக்கைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. அங்கு நிகழும் விசாரணையின் ஒழுங்கு கருதத்தக்கது. வழக்குரைப்பவர் தம் உரிமையைக் கூறுகின்றார், எதிர்வழக்காடுபவர் மறுக்கின்றார், ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு அவையோர் பணிக்கின்றனர். படியோலை கிழிக்கப்பட்டுப் போனமையால் மூலவோலை காட்டப்படுகின்றது. சான்றொப்பமிட்டோர் எழுத்து ஆராயப்படுகின்றது. பாட்டனாரின் கையெழுத்துக் காப்பிலிருந்த வேறோர் ஓலையுடன் ஒப்பு நோக்கப்படுகின்றது. இவற்றின் பின்னரே அவை முடிவு கூறுகின்றது.

சோழர் கல்வெட்டுக்களில் குற்ற வழக்குகளும் காணப்படுகின்றன. வேட்டையில் எய்த அம்பு இலக்குத் தவறி ஒருவனைக் கொன்றுவிட, நாட்டாரும் ஊராரும் கூடி, கொன்றவனிடம் கொல்லும் எண்ணம் இல்லாமையை உணர்ந்து, உயிர்த்தண்டம் விதியாது, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்க ஆடுகள் அளிக்குமாறு பணித்த செய்திகள் பல. செயலையும் எண்ணத்தையும் வேறுபிரித்து நோக்கும் நுண்மை அக்காலத்து ஊரவைகளுக்கு இருந்தது என்பதற்கு இவை தக்க சான்றாகும்.

ஆயினும் இவ்வவைகளை ஜூரி எனல் பொருந்தாது. ஜூரி முறையின் உயிர்நாடி ஒரு பாகுபாடே: சட்டம் இன்னதென உரைப்பவர் நீதிபதி, நிகழ்ச்சி இன்னதெனத் துணிபவர் ஜூரர். நம் அவைகளில் இப்பாகுபாடு இல்லை. நெறி இன்னதென்பதையும், நடந்தது இன்னதென்பதையும், தண்டம் இன்னதென்பதையும் அவையோரே முடிவு செய்தனர். இரண்டாவது வேறுபாடு இன்னும் முதன்மையானது. ஜூரர் தம் முடிவிற்குக் காரணம் கூறுவதில்லை. 'குற்றவாளி' அல்லது 'குற்றவாளி அல்லன்' என்ற அளவில் அவர் உரை முடிகின்றது. வெண்ணெய்நல்லூர் அவையோ ஒவ்வொரு படியிலும் காரணங்காட்டியே மேற்செல்கின்றது. ஆகலின் பழந்தமிழ் அவையைப் பலர் கூடியிருந்து தீர்ப்புரைக்கும் நீதிபதிகளின் ஆயம் என்பதே சாலும். எண்ணிக்கையால் அது ஜூரியை ஒத்தது. முறையால் நீதிபதியை ஒத்தது.

மக்களுள் யார் முறைசெய்யத் தக்கார் என்னும் ஆய்வு நம்மவர்க்குப் புதியதன்று என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பின்னைய கல்வெட்டு வயது முப்பத்தைந்திற்கு மேலும் எழுபதிற்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என்கிறது. நிலமும் மனையும் கல்வியும் உடைமை வேண்டும் என்கிறது. கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்குகின்றது. 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம் இருபத்தொன்றிற்கும் அறுபதிற்கும் இடைப்பட்ட ஆடவரை ஜூரராகக் கொள்ளலாம் என விதித்தது. இரண்டிலும் பெண்டிர்க்கு இடமில்லை. முன்னையதில் ஓலை இட்டுக் குடத்தினின்று எடுத்தவர் ஊராரே. பின்னையதில் பட்டியலை ஆக்கியவர் அரசாங்க அலுவலர். இவ்வேறுபாட்டின் பயனைப் பின்னர்க் காண்போம்.

3. சென்னையில் ஜூரி முறை

சென்னைக் கோட்டையில் ஜூரியுடன் நடந்த மிகப் பழைய வழக்குகளுள் ஒன்று 1665-இல் எழுந்தது. அசென்ஷியா டாவ்ஸ் என்னும் பெண் தன் அடிமைப் பெண்ணைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. கொலை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தமக்கு உண்டா என்னும் ஐயத்தால் கோட்டைத் தலைவர் பாக்ஸ்கிராப்ட் இலண்டனுக்கு எழுதிக் கேட்டார். கும்பினியார் அவரை ஆளுநராக உயர்த்தி அதிகாரம் அளித்தனர். வழக்கு ஜூரியுடன் விசாரிக்கப்பெற்றது. குற்றம் சாட்டப்பட்டவள் விடுதலை பெற்றாள். இறந்த அடிமைப் பெண்ணின் சார்பில் அவ்வவையில் இருந்தார் எவருமிலர். 'தன்னொத்தாரால் தீர்ப்புப் பெறும் உரிமை' என்று ஆங்கிலேயர் பாராட்டும் கோட்பாடு, ஆள்வோரும் ஆளப்படுவோரும் வேறுபட்ட நாட்டில் யாருக்குப் பயன்படும் என்பதை இத்தொடக்கமே காட்டிவிட்டது.

1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட் நிறுவப்பெற்ற பின்னரும் இந்தியர் ஜூரராகும் உரிமை நெடுங்காலம் இல்லை. 1826-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அளித்தபோது, கிறித்தவரை விசாரிக்கும் ஜூரியில் கிறித்தவர் மட்டுமே அமரலாம் என வரையறுத்தது. இராம்மோகன் ராய் முதலியோர் இதனை எதிர்த்தனர். 1832-இல் அவ்வரையறை நீக்கப்பட்டது.

மாவட்டங்களில் நிலைமை வேறு. 1861-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம், எந்த மாவட்டத்தில் எவ்வகைக் குற்றங்களுக்கு ஜூரி வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமையை மாகாண அரசிற்கு விட்டது. சென்னை மாகாணத்தில் ஜூரி முறை பெரும்பாலும் திருட்டு, கொள்ளை போன்ற உடைமைக் குற்றங்களோடு நின்றது. கொலை முதலிய பெருங்குற்றங்களைச் செஷன்ஸ் நீதிபதி 'அசெஸர்' எனப்பட்ட உடனிருப்போர் துணையுடன் விசாரித்தார். அசெஸர் தம் கருத்தைக் கூறலாம். நீதிபதி அதனை ஏற்க வேண்டுவதில்லை. ஒரே வழக்கில் ஜூரிக்குரிய குற்றமும் அசெஸர்க்குரிய குற்றமும் சேர்ந்து வருமாயின், அதே மனிதர் ஒன்றிற்கு ஜூரராகவும் மற்றொன்றிற்கு அசெஸராகவும் அமர்ந்தனர். காலையில் அவர் சொல் நீதிபதியைக் கட்டுப்படுத்தும், மாலையில் கட்டுப்படுத்தாது! பொருளைத் திருடியவனை மக்கள் துணியலாம், உயிரைப் போக்கியவனைத் துணியலாகாது என்னும் இவ்வேற்பாட்டில் மக்கள்மீது அரசு வைத்த நம்பிக்கையின் அளவு புலனாகின்றது.

செஷன்ஸ் ஜூரியின் முடிவும் அறுதியானதன்று. நீதிபதிக்கு அது தெளிவாகத் தவறெனத் தோன்றின் வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பலாம். ஆனால் சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் நேரடியாக நடந்த ஜூரி வழக்குகளில் நிகழ்ச்சி பற்றி மேல்முறையீடு 1943 வரை இல்லை.

4. ஒரே திங்களில் இரு வழக்குகள்

1908 ஜூலைத் திங்களில் நிகழ்ந்த இரு அரச நிந்தனை வழக்குகள் இரு முறைகளையும் ஒப்பிட நல்வாய்ப்பளிக்கின்றன. ஒன்று திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் எதிர்கொண்ட வழக்கு. மற்றொன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பாலகங்காதர திலகர் எதிர்கொண்ட வழக்கு.

திருநெல்வேலியில் ஜூரி இல்லை. செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7-ஆம் நாள் சிதம்பரம் பிள்ளைக்கு வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதித்தார். நாடே திடுக்கிட்டது. திலகர் வழக்கில் ஒன்பது ஜூரர் இருந்தனர். அவருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். ஜூலை 22-ஆம் நாள் எழுவர் குற்றவாளி என்றும் இருவர் அல்லர் என்றும் கூறினர். நீதிபதி தாவர் ஆறாண்டு நாடுகடத்தல் விதித்தார்.

தனி நீதிபதி கொடுமையாகத் தண்டித்தார், ஜூரியும் காத்திலது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு தீர்ப்பிற்குப் பின்னரே விளங்குகின்றது. பின்ஹே தம் முடிவிற்குக் காரணங்களை எழுத வேண்டியவராயினார். எழுதப்பட்ட காரணம் ஆராயப்படுவதற்கு உரியது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையைப் பெரிதும் குறைத்தது. சிதம்பரம் பிள்ளை 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். பம்பாயில் எழுவர் ஏன் அங்ஙனம் கூறினர் என்பது எவர்க்கும் தெரியாது. திலகர் ஆறாண்டையும் பெரும்பாலும் மாந்தலேயில் கழித்தார்.

இவ்வழக்கில் தமிழாராய்ச்சியாளர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. திலகரின் கட்டுரைகள் மராத்தியில் எழுதப்பெற்றவை. ஜூரர் அவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே அறிய வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புப் பிழைபட்டது என்றும், மூலத்தின் மொழியை அறியாதார் அதன் குறிப்பை எங்ஙனம் உணர்வர் என்றும் திலகர் வாதிட்டார். சொல்லே குற்றமாகச் சாட்டப்படும் வழக்கில் அச்சொல்லின் மொழியை அறியாதாரைத் 'தன்னொத்தார்' எனல் எங்ஙனம் தகும்?

5. ஆஷ் வழக்கும் இலட்சுமிகாந்தன் வழக்கும்

1911 ஜூன் 17-ஆம் நாள் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் மணியாச்சி நிலையத்தில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டான். நீலகண்ட பிரம்மச்சாரி முதலிய பதினால்வர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1908-ஆம் ஆண்டுக் குற்றச் சட்டத் திருத்தம், புரட்சியாளர் வழக்குகளை ஜூரியின்றி மூன்று நீதிபதிகள் விசாரிக்க இடந்தந்தது. அதன்படி தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் ஏனைய இரு நீதிபதிகளும் விசாரித்தனர். அவ்விருவருள் ஒருவர் சங்கரன் நாயர்.

உள்நாட்டு ஜூரர் விடுதலை செய்துவிடுவர் என்னும் அச்சமே ஜூரியை விலக்கியதற்குக் காரணம் என்பது வெளிப்படை. எனினும் விளைவு அரசு கருதியவாறே அமையவில்லை. 1912 பிப்ரவரியில் ஒன்பதின்மர் சதிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பெற்றனர், ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். முதல் எதிரியாகிய நீலகண்டருக்கு விதிக்கப்பட்டது ஏழாண்டுச் சிறை. தூக்குத் தண்டனை எவர்க்குமில்லை. உடந்தையாளர் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா பின்னர் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயத்தின்முன் சென்றது. அங்கும் நீதிபதிகள் கருத்து வேறுபட்டனர். அக்கருத்து வேறுபாடுகள் சட்ட அறிக்கைகளில் இன்றும் உள்ளன. அவற்றைப் படிக்கும் மாணவன் எந்தச் சாட்சி ஏன் நம்பப்பட்டான், எவன் ஏன் நம்பப்படவில்லை என்பதை அறிந்துகொள்ளலாம்.

இனி இலட்சுமிகாந்தன் வழக்கை நோக்குவோம். 'இந்துநேசன்' இதழை நடத்திய சி. என். இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அவர் இதழ் திரையுலகினரைப் பற்றிய இழிசெய்திகளை வெளியிட்டு வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் கைதாயினர். அந்நாளில் பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஓடிக்கொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டோரைப் பற்றி முன்னரே ஒரு கருத்துக் கொள்ளாத ஒருவரைச் சென்னை நகரில் தேடிக் காண்டல் அரிதாயிருந்திருக்கும்.

நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பது ஜூரருடன் வழக்கு நடந்தது. ஜூரருள் அறுவர் குற்றவாளிகள் என்றும் மூவர் அல்லர் என்றும் கூறினர். அறுவர் ஒருமுகமாக இருந்து நீதிபதியும் உடன்பட்டால் அம்முடிவு செல்லும் என்பது அன்றைய சட்டம். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே 3-ஆம் நாள் வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மூவர் ஐயுற்றதற்குக் காரணம் யாது? தெரியாது. அறுவர் அப்ரூவரை நம்பினரா, வேறு சாட்சியத்தை நம்பினரா? அதுவும் தெரியாது.

1943-ஆம் ஆண்டுத் திருத்தம் இல்லாதிருந்தால் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். அத்திருத்தம் நிகழ்ச்சி பற்றியும் மேல்முறையிட வழி திறந்தது. ஆயினும் சென்னை உயர் நீதிமன்றம், ஜூரியின் முடிவில் தலையிடும் தன் அதிகாரத்தைக் குறுகிய எல்லையுள் நிறுத்திக்கொண்டு மேல்முறையீட்டைத் தள்ளியது. இலண்டன் பிரிவி கவுன்சில் அவ்வெல்லையை ஏற்கவில்லை. மேல்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு பணித்தது. மறு விசாரணையில் சாட்சியம் முழுவதும் ஆராயப்பெற்று, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். தண்டனைக்குப் பின் ஏறத்தாழ ஈராண்டு சிறையிற் கழிந்தது. பாகவதரின் கலைவாழ்வு பழைய நிலைக்கு மீளவேயில்லை.

இவ்விரு வழக்குகளையும் ஒப்பிடுவார்க்கு ஒரு முரண்பாடு புலப்படும். அயலாட்சி தன் அதிகாரியின் கொலைக்காக ஜூரியை விலக்கி நடத்திய வழக்கில் ஒவ்வொருவர் குற்றமும் தனித்தனியே அளந்து நோக்கப்பட்டது. ஜூரியின் பாதுகாப்புடன் நடந்த வழக்கில் தவறு திருத்தப்பெற ஈராண்டும் ஒரு கடற்பயணமும் வேண்டியிருந்தன.

6. ஜூரி முறையின் மறைவு

விடுதலைக்குப் பின் இம்முறை விரைந்து தேய்ந்தது. 1955-ஆம் ஆண்டுத் திருத்தம் அசெஸர் முறையை ஒழித்தது. 1958-இல் செதல்வாத் தலைமையிலான சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில் ஜூரி முறையை நீக்கப் பரிந்துரைத்தது. அதற்கு மறு ஆண்டு நிகழ்ந்த நானாவதி வழக்கில், பம்பாய் ஜூரர் எண்மர் குற்றமில்லை என்றனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். செஷன்ஸ் நீதிபதி அதனை ஏற்காது உயர் நீதிமன்றத்திற்கு அனுப்ப, அங்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இவ்வழக்கே ஜூரியை ஒழித்தது எனப் பலர் எழுதுவர். அது பொருந்தாது, சட்ட ஆணையத்தின் பரிந்துரை வழக்கிற்கு முற்பட்டது, ஜூரி வழக்குகள் அதன் பின்னரும் சில மாநிலங்களில் நடந்தன. 1974 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1973-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாது போயிற்று.

7. இலங்கைத் தமிழர் நுகர்வு

இலங்கையில் இம்முறையின் வரலாறு வேறு. சர் அலெக்சாந்தர் ஜான்ஸ்டன் முயற்சியால் 1811-இல் அந்நாட்டு மக்களே ஜூரராக அமரும் உரிமை பெற்றனர். இந்தியர் பெறுவதற்குப் பதினைந்தாண்டு முற்பட்டது இது. பிற்காலத்தில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மும்மொழிக்கும் தனித்தனி ஜூரர் பட்டியல்கள் அமைந்தன. ஜூரர் எழுவர், ஐவரேனும் உடன்பட வேண்டும். திலகர் எழுப்பிய மொழி வினாவிற்கு இதனினும் சிறந்த விடை இல்லை எனத் தோன்றும்.

ஆயின் பட்டியலைத் தேரும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவனுக்கே உரியது. 1996-இல் குமாரபுரத்தில் தமிழர் இருபத்துநால்வர் கொல்லப்பட்ட வழக்கு 2016 ஜூலையில் அநுராதபுரத்தில் சிங்கள மொழி ஜூரர்முன் நடந்து, படைவீரர் அறுவரும் விடுதலை பெற்றனர். 2006-இல் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கிலும் சிங்கள மொழி ஜூரரே அமர்ந்தனர். இறந்தவர் தரப்பின் எதிர்ப்பு ஏற்கப்படவில்லை. 2016 டிசம்பரில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். மாறாக, 1996-இல் யாழ்ப்பாணத்தில் மாணவி ஒருத்தியும் அவளைத் தேடிச் சென்ற மூவரும் கொல்லப்பட்டுச் செம்மணியிற் புதைக்கப்பட்ட வழக்கை ஜூரியின்றி மூன்று நீதிபதிகள் விசாரித்து, 1998-இல் படையினர்க்குத் தண்டனை விதித்தனர். சான்றுகளின் வலிமை வழக்கிற்கு வழக்கு வேறுபடுமாதலின், இம்மூன்றையும் கொண்டு பொதுவிதி வகுத்தல் கூடாது. ஆனால் ஒன்று உறுதி. நீதிபதிகளின் தீர்ப்பில் காரணங்கள் உள. ஜூரியின் தீர்ப்பில் அவை இல. விடுதலை நேர்மையானதாகவே இருப்பினும், இறந்தவரின் சுற்றத்தார்க்கு அதனை விளக்குவார் இலர்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. ஜூரி முறை நம் மக்களின் தகுதியின்மையால் வீழ்ந்தது எனல் தவறு. பட்டியலை ஆள்வோர் ஆக்கினர், மொழி அயலாருடையதாயிற்று, பெருங்குற்றங்கள் விலக்கப்பட்டன, அரசிற்கு வேண்டாத பொழுது முறையே நீக்கப்பட்டது. இங்ஙனம் நடத்தப்பட்ட ஒன்றை மக்கள் தமதெனக் கொள்ளாமை வியப்பன்று. அதுபோன்றே, நீதிபதி முறை என்றும் நன்று எனலும் தவறு. ஆராயாது ஒருவன் சொற்கேட்டுக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் தனியே முறைசெய்தவனே. பின்ஹேயின் தீர்ப்பும் தனி ஒருவர் தீர்ப்பே.

எண்ணிக்கையினும் முதன்மையானது காரணங் கூறும் கடமை. மாயூரம் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலால் மேல்நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழில் தந்தார். தீர்ப்பில் காரணம் எழுதப்பட்டிருந்தமையாலன்றோ அதனைத் தமிழில் தர இயன்றது? ஜூரியின் ஒற்றைச் சொல்லைத் தொகுத்து எவரும் நூலாக்க இயலாது.

எனினும் ஜூரியோடு நாம் இழந்ததும் ஒன்றுண்டு. குற்ற வழக்கில் பொதுமக்கள் அமர்ந்து கேட்டுப் பொறுப்பேற்கும் இடம் இன்று நம் நீதிமன்றங்களில் இல்லை. அவர்கள் அங்குச் சாட்சியாகவோ எதிரியாகவோ மட்டுமே புகுகின்றனர். வெண்ணெய்நல்லூர் அவையில் ஊராரும் இருந்தனர், காரணமும் இருந்தது. அவ்விரண்டையும் ஒருங்கே பெறும் வழி யாது என்பது சட்ட அறிஞரும் தமிழறிஞரும் கூடி ஆராயத்தக்கதாகும். சோழர் காலத்து நியாயத்தார் பற்றிய கல்வெட்டுக்களைக் குற்ற வகை, முடிவு, கூறப்பட்ட காரணம் என்னும் முறையில் பகுத்துத் தொகுப்பின் அவ்வாராய்ச்சிக்கு நல்ல தொடக்கம் கிடைக்கும். இளம் ஆராய்ச்சியாளர் இப்பணியை மேற்கொள்வாராக.